புதுக் கணக்குக்கு நல்ல நாள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், மரக்காணம் வந்ததும் உங்கள் வீட்டுக் குழந்தை பஸ் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "அம்மா, அதோ பார் பனிமலை!" என்று கூவியிருக்கும். பனியும் இல்லை, மலையும் இல்லை. பாத்திகளிலிருந்து வாரிக் குவித்த உப்பு அம்பாரம்.

அந்த அம்பாரம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எந்தப் பாத்தியில் எத்தனை டன் விளைந்தது, எந்த லாரியில் எவ்வளவு ஏறிற்று, எந்த வியாபாரி எவ்வளவு பாக்கி, வெயிலில் நின்று உப்பு வாரியவர்களுக்குச் சனிக்கிழமை எவ்வளவு கூலி என்று எல்லாவற்றையும் யாராவது எழுதித்தான் ஆக வேண்டும்.

கணக்கு எழுதும் விதம் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. மரக்காணம் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகளை இன்றும் பார்க்கலாம். கொடுத்தது இன்னது, பெற்றது இன்னது என்று கல்லில் வெட்டிவைத்த காலம் அது. கல்லிலிருந்து ஓலைக்கும், ஓலையிலிருந்து காகிதத்துக்கும் வந்த கணக்கு, இப்போது கம்ப்யூட்டர் திரையில் ஏறிக்கொண்டிருக்கிறது.

உங்களுக்கு உப்பளம் இல்லாமல் இருக்கலாம். ஒரு மளிகைக் கடையோ, அச்சாபீசோ, கூட்டுறவுச் சங்கமோ இருக்கலாம். "இனிமேல் பேரேடு வேண்டாம், கம்ப்யூட்டரில் கணக்கு" என்று நீங்களும் ஒருநாள் தீர்மானிக்கத்தான் போகிறீர்கள். அந்த மென்பொருளை வாங்குவது பெரிய காரியமில்லை. பணம் கொடுத்தால் கிடைக்கும். அதை எந்த நாளில், எந்த வரிசையில், யாரைக் கொண்டு தொடங்குவது என்பதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. தொடக்கம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் தேசமே ஒரு பாடம் படித்திருக்கிறது.

முதல் நாளே முறிந்த முகூர்த்தம்

2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தது. அதை அடுத்து, 'இ-வே பில்' என்று ஒரு புதிய ஏற்பாடு வந்தது. குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும் லாரிக்கு, கம்ப்யூட்டரில் விவரங்களைப் பதிந்து ஒரு சீட்டு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாராம்சம். அந்தச் சீட்டு இல்லாமல் வண்டி புறப்படக் கூடாது.

மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குகளுக்கு 2018 பிப்ரவரி 1 முதல் கட்டாயம் என்று நாள் குறித்தார்கள். ஜனவரி 16 முதல் ஒத்திகையும் நடந்தது. ஆனால் ஒத்திகை கட்டாயமில்லை, இஷ்டப்பட்டவர்கள் பார்க்கலாம். நம்முடைய சுபாவம் தெரிந்ததுதானே? கட்டாயம் இல்லாத ஒத்திகைக்கு எத்தனை பேர் வருவார்கள்?

பிப்ரவரி 1 விடிந்தது. தேசத்தின் நாலு மூலையிலும் இருந்த வியாபாரிகள் ஒரே நேரத்தில் அந்த ஒரே வாசலைத் தட்டினார்கள். போதாக்குறைக்குச் சில மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் நடக்கும் போக்குவரத்துக்கும் அன்றைக்கே தொடக்கம் வைத்திருந்தன. சுமை தாங்காமல் கம்ப்யூட்டர் திணறியது. சீட்டு வரவில்லை, சீட்டு வராததால் ஏற்றிய சரக்கு கிளம்பவில்லை. அன்றைய தினமே, "ஒத்திகை நீடிக்கிறது, கட்டாயம் தள்ளிவைக்கப்படுகிறது" என்று அரசாங்கம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மார்ச் மாதத்தில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடிப் புதிய திட்டம் வகுத்தது. ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு மட்டும் கட்டாயம் என்றார்கள். மாநிலத்துக்குள் நடக்கும் போக்குவரத்தை ஒரேயடியாகச் சேர்க்கவில்லை. ஏப்ரல் 15-ல் ஆந்திரா, குஜராத், கேரளா, தெலுங்கானா, உத்தரப் பிரதேசம் ஆகிய ஐந்து மாநிலங்கள், பிறகு அடுத்த கோஷ்டி, பிறகு அதற்கடுத்தது. தமிழ்நாட்டின் முறை ஜூன் 2-ம் தேதி வந்தது. பிப்ரவரியில் படுத்துக்கொண்ட ஏற்பாடு, படிப்படியாக வந்தபோது எழுந்து நடந்தது.

இதில் ஒரு வேடிக்கை. உப்புக்கு ஜி.எஸ்.டி. வரி கிடையாது, ஆகையால் உப்பு மூட்டைக்கு இ-வே பில்லும் தேவையில்லை. "அப்படியானால் மரக்காணத்துக்காரருக்கு என்ன கவலை?" என்று கேட்காதீர்கள். உப்பை இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரி காலியாகவா வரும்? சிமெண்டோ ஓடோ ஏற்றிக்கொண்டுதானே வரும்? அந்தச் சரக்குக்குச் சீட்டு வேண்டும். திரும்புகிற வண்டி எங்கேயோ நின்றுபோனால், இங்கே அடுத்த லோடு ஏற்ற வண்டி இராது.

நயா பைசா வந்த விதம்

நம்மவர்களுக்கு இந்தக் கலை புதிதா என்றால், இல்லை. வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் நயா பைசாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1957 ஏப்ரல் 1-ம் தேதி வரையில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அன்று முதல் ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா. தேசம் முழுவதும் ஒரே நாளில் கணக்கு மாறியது என்று சொல்வது வழக்கம். ஆனால் ஒரே நாளிலா மாறியது? சட்டம் நிறைவேறியது 1955-ல். நடுவில் ஏற்பாடுகளுக்கு அவகாசம் இருந்தது. ஓர் அணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று மாற்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். புது நாணயம் வந்த பிறகும் பழைய அணாக்கள் சில வருஷங்கள் கூடவே செலாவணியில் இருந்தன. கடைக்காரர்களுக்கும் வாடிக்கைக்காரர்களுக்கும் சில்லறைச் சண்டைகள் நடக்காமல் இல்லை. ஆனால் வியாபாரம் நிற்கவில்லை. ஜனங்களுக்குப் பழகிவிட்டது என்று நிச்சயமான பிறகு, 1964 ஜூன் 1 முதல் 'நயா' என்ற அடைமொழியையே எடுத்துவிட்டார்கள்.

மணங்கும் வீசையும் போய்க் கிலோவும் குவிண்டாலும் வந்ததும் இப்படித்தான். 1956-ல் சட்டம், 1958 அக்டோபரிலிருந்து சில தொழில்களிலும் சில பகுதிகளிலும் ஆரம்பம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றவை. கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே, பழையதும் புதியதும் சில நாள் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டும் என்ற விவரம் தெரிந்திருந்தது.

கூலியில் கை வைத்தால்

பாக்கிக் கணக்கில் தவறு வந்தால் வியாபாரி டெலிபோனில் சத்தம் போடுவார், திருத்திக்கொள்ளலாம். கூலிக் கணக்கில் தவறு வந்தால்? அன்று மாலை அரிசி வாங்கக் காத்திருக்கும் ஒரு குடும்பம் வெறுங்கையோடு போகும்.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து என்று ஒரு மாநிலம். அங்கே அரசாங்க ஆஸ்பத்திரிகளின் சம்பளக் கணக்குக்கு 2010 மார்ச்சில் புதிய மென்பொருளைத் தொடங்கினார்கள். குறைகள் இருப்பது தெரிந்தும், பழைய ஏற்பாடு இனித் தாங்காது என்ற அவசரத்தில் தொடங்கிவிட்டார்கள். சுமார் 80,000 பேருக்குச் சம்பளம் போட வேண்டிய இயந்திரம் அது. சில நர்சுகளுக்குச் சம்பளம் குறைந்தது. சிலருக்கு வரவே இல்லை. வேறு சிலருக்கு அதிகமாக வந்து, பிறகு திருப்பிக் கேட்டார்கள். அதைச் சீர்படுத்தவும் நடத்தவும் 120 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். 2013-ல் விசாரணைக் கமிஷன் வேறு உட்கார்ந்தது. பணக்கார தேசம்; தாங்கிக்கொண்டது. நம் உப்பளத் தொழிலாளியால் ஒரு சனிக்கிழமையைத் தாங்க முடியுமா?

உப்பு சொல்லும் யுக்தி

தொடக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதை மரக்காணத்துக்காரருக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அவருடைய பாத்தியே சொல்லும்.

மழை ஓய்ந்ததும் அவர் என்ன செய்கிறார்? முதலில் தேங்கிய தண்ணீரை இறைக்கிறார். சேற்றை எடுத்து வரப்பைச் சரிசெய்கிறார். பாத்தியின் தரையை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார். அதன் பிறகும் உப்புநீரை நேரே கடைசிப் பாத்திக்கு விட்டுவிடுவதில்லை. தேக்கத்தில் நிறுத்தி, அடுத்தடுத்த பாத்திகளில் வெயிலில் காயவைத்து, டிகிரி பார்க்கிறார். கடல் நீர் சுமார் 3 டிகிரி. அது 25 டிகிரி வரை ஏறிய பிறகுதான் உப்புப் பூக்கும் பாத்திக்கு அதற்கு அனுமதி. டிகிரி ஏறாத நீரை அங்கே விட்டால் உப்புக்குப் பதில் சேறுதான் மிஞ்சும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டாலும் ஆபத்து; கசப்பு உப்புகள் சேர்ந்துவிடும். ஆகையால் எப்போது விடுவது என்று தெரிந்தால் மட்டும் போதாது. எப்போது வடிப்பது என்றும் தெரிய வேண்டும்.

இதையே கணக்குக்கும் செய்யுங்கள் என்பதுதான் என் யோசனை. மரக்காணத்தில் ஓர் உப்பள ஆபீசைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு முதலாளி, முப்பது வருஷமாகப் பேரேடு எழுதும் ஒரு கணக்குப்பிள்ளை, எடைமேடையில் ஒரு பையன், ஆள் கணக்கு வைக்கும் ஒரு மேஸ்திரி.

எந்த நாள் நல்ல நாள்?

"ஏப்ரல் 1-ம் தேதி புது வருஷக் கணக்கு. அன்றைக்கே கம்ப்யூட்டரைத் தொடங்கிவிடலாம்" என்கிறார் முதலாளி. கணக்குக்கு அது நல்ல நாள்தான். ஆனால் உப்புக்கு? வெயில் ஏறி, உற்பத்தி மும்முரமாகி, லாரிகள் வரிசை பிடிக்கும் சமயம் அது.

"அப்படியானால் ஐப்பசி கார்த்திகையில் தொடங்கலாம், வேலையே இராது" என்றால், அதிலும் ஒரு சிக்கல். வேலை இல்லாத காலத்தில் எந்த ஏற்பாடும் நன்றாகத்தான் ஓடும்! அடுப்பே மூட்டாத வீட்டில் சமையற்காரர் கெட்டிக்காரரா என்று எப்படித் தெரியும்?

ஆகையால் இரண்டையும் இணைக்க வேண்டும். மழைக்காலத்தில் தயாரிப்பும் ஒத்திகையும். ஒத்திகைக்குச் சென்ற மே மாதத்தில் லாரிகள் நெருக்கியடித்த ஒரு வாரத்தின் பழைய ரசீதுகளை எடுத்து, அந்த ஒரு வாரத்தைக் கம்ப்யூட்டரில் மறுபடி நடத்திப் பாருங்கள். எல்லோரும் கலந்துகொள்ள வேண்டும். இஷ்டப்பட்டால் வரலாம் என்ற பேச்சு உதவாது. தை, மாசியில் தொழில் மெல்ல ஆரம்பிக்கும்போது பேரேடும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே நடக்கட்டும். ஏப்ரல் 1 அன்று கம்ப்யூட்டர் கணக்கே கணக்கு என்று ஆகட்டும். அதற்குள் அது எல்லோருக்கும் பழகிய முகமாகியிருக்கும்.

முதலில் சேற்றை எடுங்கள்

பழைய பேரேட்டை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றுவது, சேறு எடுக்காத பாத்தியில் நீர் விடுவது போல. ஒரே வியாபாரி ஒரு பக்கத்தில் ஊர்ப் பெயரால் இருப்பார். இன்னொரு பக்கத்தில் கடைப் பெயரால் இருப்பார். மூன்றாவது பக்கத்தில் அவருடைய மைத்துனர் பெயரில் இருப்பார். கணக்குப்பிள்ளைக்கு மூவரும் ஒருவரே என்று தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது, மூன்று பேரிடம் பாக்கி கேட்கும்.

மூட்டை என்று எழுதியிருப்பீர்கள். எந்த மூட்டை? ஐம்பது கிலோவா, எழுபத்தைந்தா? அம்பாரத்தில் இருப்பு இவ்வளவு என்று எழுதியிருப்பீர்கள். மழையில் கரைந்தது போக இப்போது உண்மையில் எவ்வளவு? தொடக்கத்துக்கு முன்னால் ஒருமுறை நேரில் போய் அளந்துவிடுங்கள். தொழிலாளர்களின் பாங்கிக் கணக்கு எண்களைப் பாஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபாருங்கள். ஓர் இலக்கம் மாறினால் ஒருவர் வேர்வைக்கு இன்னொருவர் வீட்டில் விளக்கெரியும்.

கணக்குப்பிள்ளையைக் கைவிடாதீர்கள்

முதலாளிகள் சாதாரணமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. மென்பொருள் விற்க வந்த இளைஞரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, எல்லாவற்றையும் அவரிடமே பேசி முடித்துவிட்டு, கடைசி நாளில் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து இதில்தான்" என்பார்கள். முப்பது வருஷம் எழுதிய கை என்ன செய்யும்? முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

அவரை முதல் நாளே கூப்பிடுங்கள். எந்த வியாபாரிக்கு எத்தனை நாள் தவணை, எந்த லாரிக்கு எடையில் என்ன தகராறு வரும், பண்டிகைக்கு முன்பணம் எப்படிப் பிடிப்பது என்று எழுதப்படாத சட்டம் நூறு அவர் தலையில் இருக்கிறது. அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளாத மென்பொருள், அழகான அட்டை போட்ட வெற்று நோட்டுத்தான்.

எடைமேடைப் பையனுக்கு எடைச்சீட்டுப் போடும் திரையை மட்டும் கற்றுக்கொடுங்கள். மேஸ்திரிக்கு ஆள் வருகைப் பதிவு போதும். எல்லோருக்கும் எல்லாம் கற்பிக்கப் போனால் ஒருவருக்கும் ஒன்றும் ஏறாது. ஒவ்வொருவரும் தம் வேலையைத் தாமே கையால் செய்து பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது பாடமாகாது.

பேரேடும் கம்ப்யூட்டரும் சேர்ந்து நடக்கும் வாரங்களில் சனிக்கிழமைதான் பரீட்சை நாள். இரண்டு கூலிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்தம் சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருவருக்கு நூறு ரூபாய் கூடி இன்னொருவருக்கு நூறு ரூபாய் குறைந்தாலும் மொத்தம் சரியாகத்தான் இருக்கும்! பெயர் பெயராகப் பாருங்கள். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை ஒரு ரூபாய் பேதமில்லாமல் வந்தால், டிகிரி ஏறிவிட்டது என்று அர்த்தம்.

திரும்பிவர ஒரு வழி

தொடக்க நாளுக்கு முன்பே ஒரு காகிதத்தில் இதையும் எழுதிவிடுங்கள். எந்த நிலைமை வந்தால் பழைய முறைக்குத் திரும்புவது? யார் அதைச் சொல்வது? "காலை பத்து மணிக்குள் எடைச்சீட்டு வராவிட்டால் ரசீதுப் புத்தகத்தை எடு" என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தால், லாரிகள் நிற்கும்போது வாக்குவாதம் நடக்காது. திரும்புவதில் அவமானம் ஒன்றும் இல்லை. தேசமே பிப்ரவரியில் பின்வாங்கி ஏப்ரலில் ஜெயிக்கவில்லையா?

அச்சடித்த ரசீதுப் புத்தகம் இரண்டு, மென்பொருள் தந்தவரின் ஆள் ஒருவர் முதல் வாரம் முழுதும் நேரிலோ டெலிபோனிலோ, மின்சாரம் போனால் தாங்கும் பாட்டரி — இவை கட்டாயம். கணக்கின் நகல் ஒன்று தினமும் வேறு ஊரில் போய்ச் சேரட்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை இந்தக் கரையோரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். உப்பளங்கள் வெள்ளக்காடாயின. அப்படி ஒரு இரவில் பாத்தியிலிருக்கும் உப்பைக் காப்பாற்ற முடியாது; கணக்கையாவது காப்பாற்றலாம் அல்லவா?

தொடங்கிய பிறகு ஒரு மாதத்துக்குக் குறை நோட்டு ஒன்று மேஜைமேல் இருக்கட்டும். யாருக்கு என்ன இடைஞ்சல் வந்தாலும் அதில் எழுத வேண்டும். மாலையில் முதலாளியே அதைப் படிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தால் ஏப்ரல் முதல் சனிக்கிழமை மாலை எப்படி இருக்கும்? விசேஷமாக ஒன்றும் இருக்காது. உப்பு வாரியவர்கள் கால் கழுவிக்கொண்டு வருவார்கள். மேஸ்திரி பெயர் வாசிப்பார். வர வேண்டிய கூலி வரும். வாங்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார்கள். ஆபீசில் புதிய யந்திரம் வந்திருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

முதலாளி மட்டும் ஆவலோடு கேட்பார்:

"என்ன கணக்குப்பிள்ளை ஐயா, கம்ப்யூட்டர் எப்படி?"

கணக்குப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்வார்:

"பரவாயில்லை, முதலாளி. கணக்குச் சரியாகத்தான் போடுகிறது. வீட்டில் நான் எழுதி வைத்திருக்கும் நோட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டேன்!"